மூத்தவள் எப்படிச் செத்தாள்?

மதினி,

நேற்று மத்தியானம், நாம் ரெண்டு பேரும் அன்றைக்குப் பார்த்த அந்தப் பேய்ப் படத்தை டி.வி.யில் போட்டார்கள். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆளில்லாத ஊஞ்சல் ஆட, அந்தச் சங்கிலி கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டதுமே முதுகு சில்லிட்டது. அறுபது வருஷம் ஆகப் போகிறது, இன்னும் சில்லிடுகிறது. எடுத்தவன் லேசுப்பட்டவன் இல்லை. ஆனால் படம் முடிகிற நேரம் வந்ததும் அன்றைக்கு வந்த அதே கோபம் வந்தது. ரிமோட்டைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். மகன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா?" என்றான். மாத்திரைக்கு அடங்குகிற கோபமா இது?

உன்னோடு போட்ட சண்டை ஒன்று பாதியில் நிற்கிறது. நீ செத்து நாலு வருஷமாகிவிட்டதால் எழுதித்தான் போட வேண்டியிருக்கிறது. நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். இருக்கும்போது மட்டும் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாயா என்ன?

மதினியை நீ என்று சொன்னதற்கு அம்மா எத்தனையோ தடவை என் தலையில் குட்டியிருக்கிறாள். "விடுங்கத்தே, எனக்கும் அவளுக்கும் ரெண்டு வயசுதான வித்தியாசம்" என்று நீதான் தடுப்பாய். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து என் அண்ணனுக்கு இரண்டாந்தாரமாக நீ வந்தபோது உனக்கு இருபது, எனக்குப் பதினெட்டு. வந்த அன்றைக்கே உனக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். உனக்கு எடுக்கிற எந்தப் புதுச் சேலையையும் முதலில் செத்துப்போன மூத்தவளுக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். உள்வீட்டு மூலையில் ஒரு மணைப்பலகை, அதன்மேல் சேலை, பக்கத்தில் பூ, விளக்கு. நீ முகம் சுளிக்கவில்லை. "பாவம், அவளுக்கும் ஒரு நாள் கட்டணும்னு ஆசையா இருக்கும்லா" என்றாய். அந்த வீட்டில் அவளைப் பாவம் என்று சொன்ன முதல் ஆள் நீதான்.

அந்த மூத்த மதினிக்குப் பேர் இருந்தது. சீனியம்மாள். எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லமாட்டார்கள். மூத்தவ, மூத்தவ, அவ்வளவுதான்.

படத்துக்குப் போனது ஆனி மாதம். நீ அஞ்சு மாசம். மாசமாக இருக்கிறவள் பேய்ப் படம் பார்க்கக் கூடாது என்று தெரிந்துதான், செண்பகவல்லி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஒரு சாமி படம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அண்ணனிடம் புளுகினாய். அவனுக்குக் கோவில்பட்டியில் கமிஷன் கடையில் வேலை இருந்தது. கோவில் வாசலில் மாட்டுவண்டியை நிறுத்தி, நமக்குக் கடலை வாங்கிக் கொடுத்து, "வெயில்ல அலையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். என் அண்ணன் கொடுமைக்காரன் இல்லை. நம்மை அடித்ததில்லை, குடித்ததில்லை, கடலை வாங்கிக் கொடுப்பான். எனக்கு எரிச்சலே அதுதான்.

மாட்னி ஷோ. பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் நமக்கு இடம் கிடைத்தது. கதை என்ன, ஒரு மலை பங்களாவுக்கு இரண்டாந்தாரமாக ஒருத்தி வருகிறாள். பூட்டிக் கிடக்கிற மாடி அறைதான் மூத்தவள் இருந்த அறை. வழக்கமாக இந்த மாதிரிப் படங்களில் தபேலாவை உடைத்து, வயலினை அறுத்து, காது கிழிய அலறவிடுவான். இவன் ஒன்றுமே போடவில்லை. சத்தத்தையே நிறுத்திவிட்டான். அந்த ஊஞ்சல் சங்கிலி மட்டும். அப்புறம் ஈரக் காலடித் தடம். குளத்துப் படியிலிருந்து கிளம்பி, கூடத்தைத் தாண்டி, இவள் படுத்திருக்கிற கட்டில்வரை ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. ஆளைக் காணோம். தியேட்டரில் பிள்ளைகள்கூட அழவில்லை. நீ என் கையைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ரெண்டு உடைந்தது.

பிறகு என்ன ஆயிற்று? பேயும் இல்லை, ஒன்றும் இல்லை, சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பன் ஒருத்தன் ஆளை வைத்து முக்காடு போட்டு நடக்கவிட்டான் என்று முடித்தான். இன்ஸ்பெக்டர் வந்தார். விலங்கு மாட்டினார். புருஷனும் பெண்டாட்டியும் மூத்தவள் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டார்கள். படத்துக்குள் அவள் சிரிக்கிற மாதிரி வெளிச்சம் விழுந்தது. சுபம். ஜனங்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போனார்கள். நீ எழுந்திருக்கவே இல்லை.

"என்ன மதினி, பயந்துட்டியா?"

"நல்லாத்தான்ட்டீ எடுத்திருக்கான். ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த மூத்தவ எப்பிடிச் செத்தா?"

"மாடிப்படியில விழுந்துட்டான்னு சொன்னாவல்லா."

"யாரு சொன்னது? அவ புருசன்தான சொன்னான். அப்பம் அங்கன வேற யாரு இருந்தா? அத ஏன் ஒருத்தரும் கேக்கல?"

எனக்குச் சுரீரென்றது. அத்தனை பேர் பார்த்தோம், ஒருத்திக்கும் தோன்றவில்லை. செத்தவளுக்குப் படத்தில் ஒரு பேர்கூட வைக்கவில்லை என்பது நேற்றுதான் எனக்கு உறைத்தது. பயமுறுத்துவதற்கு அவள் வேண்டும், கடைசியில் மாலை போட அவள் வேண்டும், நடுவில் அவளுக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. இத்தனை கெட்டிக்காரத்தனமாகப் படம் எடுக்கத் தெரிந்தவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் விட்டிருக்கிறான்.

வண்டியில் திரும்பி வரும்போது எட்டயபுரம் ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கியதும் என் காதருகே வந்தாய். "நம்ம வீட்டு மூத்தவ எப்பிடிட்டீ செத்தா?" அண்ணனின் முதுகு நமக்கு நேர் முன்னால் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று உன் கையை அமுக்கினேன்.

மறுநாள் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை ஒடித்து அடுப்புக்குக் கட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். உனக்குச் சொல்லி அனுப்பியிருந்த கதை, ஊருக்கே சொன்ன கதை, முனி அடித்தது என்பதுதான். நிறைமாசக்காரி உச்சி வெயிலில் ஓடைக்கரையில் நடந்து வந்தாளாம், அங்கே இருந்த முனி பிடித்துக்கொண்டு பிள்ளையை இறங்கவிடவில்லையாம். அந்தக் கதையைக் கட்டியது என் அம்மா. நடந்தது வேறு. பங்குனியில் ஒரு நாள் விடியும்போதே அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "இது என் கைக்கு அடங்காது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றாள். வண்டி வாசலில் பூட்டித் தயாராகத்தான் நின்றது. அதில் பருத்திப் பொதி ஏற்றியிருந்தது. இன்றைக்கு விலை நன்றாக இருக்கிறது என்று கமிஷன் கடையிலிருந்து ஆள் சொல்லிவிட்டிருந்தார்கள். ஊரில் மற்ற வண்டிகள் எல்லாம் அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டன. பொதியை இறக்கிவிட்டு அவளை ஏற்றச் சொன்னாள் மருத்துவச்சி. அண்ணன் வண்டியைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான்.

"எறக்கி அடுக்குறதுக்குள்ள உச்சியாயிரும். போயி அங்கன எறக்கிட்டு, வெறும் வண்டியா வெரட்டிட்டு வந்துருதேன்."

அம்மாவும் சரி என்றாள். அவன் விரட்டிக்கொண்டுதான் வந்தான், பொய் சொல்லக் கூடாது. மாடு ரெண்டும் நுரை தள்ளியிருந்தது. அவன் வந்தபோது சாயங்காலம். சீனியம்மாள் மத்தியானமே போய்விட்டாள், பிள்ளையோடு.

நான் சொல்லி முடித்ததும் நீ அழவில்லை. உன் கை வயிற்றுக்குப் போயிற்று. "எனக்கு எந்த மாசம்ட்டீ?" என்று கேட்டாய். ஐப்பசி என்றேன். "வெதைப்பு நேரம்" என்றாய். ஒருமுறை மழை பெய்து பதம் வந்தால், கரிசலில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். அந்த நாளில் ஏரில் நிற்கிற மாட்டை அவிழ்த்து யாரும் பெண்டாட்டிக்கு வண்டி பூட்டமாட்டார்கள். பருத்தியாவது ஒரு நாள் கழித்து விற்கலாம், ஈரம் காத்திருக்காது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, அண்ணன் மத்தியானம் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தான். நான் வெளியிலிருந்து வந்தேன். மாட்டுத் தொட்டியிலிருந்து கிளம்பி, சாணம் மெழுகிய தரையில் ஒவ்வொன்றாக ஈரக் காலடி, அண்ணன் கட்டில்வரை. தடத்தை மிதிக்காமல் சுவரோரமாக நகர்ந்தேன். அப்புறம் அடுப்படியில் உன்னைப் பார்த்தேன். சேலைக் கரை நனைந்திருந்தது. "ஏட்டி, வாயத் தொறந்த, கொன்னுருவேன்" என்றாய். சங்கிலி ஊஞ்சலுக்கு நாம் எங்கே போக? மாட்டுக்கொட்டிலுக்குக் கதவாக நின்ற படலை மெல்ல மெல்ல ஆட்டிச் சமாளித்தாய். பேய் பிடித்தவர்கள் தலையை விரித்துப்போட்டு ஆடுவார்கள், கத்துவார்கள். நீ அந்தப் படத்துக்காரனிடம் பாடம் படித்தவள். கத்தவே இல்லை. பேச்சை நிறுத்தினாய். சோற்றைத் தொடாமல் மணைப்பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் கொட்டிலில் உனக்குக் கொடுத்த கம்பங்கூழ் யாருக்கும் தெரியாது. நாலாம் நாள் அம்மா நடுங்கிப்போய்க் கோடாங்கிக்கு ஆள் அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை உச்சிப் பொழுது. முற்றத்தில் ஊரே நின்றது. யார் சொல்லிவிட்டார்களோ, சீனியம்மாளைப் பெற்றவள் கயத்தாறு பக்கத்திலிருந்து நடந்தே வந்து ஓரமாக நின்றாள். மகள் வந்து பேசுவாள் என்று கேட்க வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. இன்றைக்கு எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

கோடாங்கி உடுக்கை அடித்தான். "யாரு தாயீ வந்திருக்கது?"

நீ ரொம்ப நேரம் பேசவில்லை. அவன் உடுக்கையை நிறுத்துகிறவரை பேசவில்லை. பிறகு மெல்ல, "நாந்தான். மூத்தவ. அவியள வரச் சொல்லுங்க" என்றாய்.

வந்திருக்கிறது பேய் என்றால் அது கேட்கிறதற்கு வீட்டுக்காரன் துண்டை இடுப்பில் கட்டி, கை கூப்பி நின்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். எந்தப் பெண்டாட்டி முன்னாலும் அப்படி நின்றிராத என் அண்ணன் வந்து நின்றான்.

"வண்டியில என்ன பாரம்?"

அண்ணன் முகத்தில் ரத்தம் இல்லை. கோடாங்கிக்குக்கூடக் கேள்வி விளங்கவில்லை. "பருத்தி" என்றான் அண்ணன், பிள்ளை குரலில். ஓரமாக நின்ற கிழவி தலையைத் தூக்கினாள். அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் துடித்தது. எறக்கச் சொன்னாங்களே, ஏன் எறக்கல? கேளு மதினி, கேளு. இதோ அவளைப் பெற்றவள் நிற்கிறாள், கேளு.

"இவளுக்கும் வலி வருமே. அன்னைக்கு வண்டி வருமா?"

"வரும்."

"பாரம் ஏத்தியிருந்தா?"

"எறக்கிப் போட்டுட்டு வாரேன்."

"மாடு ஏருல நின்னா?"

"அவுத்துட்டு வாரேன். சத்தியமா வாரேன்."

"சூடத்தை அணைச்சுச் சொல்லு."

உள்ளங்கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைத்தான். நீ ஒரு சேலையும் ஒரு சேவலும் கேட்டாய், மயங்கி விழுந்தாய், பேய் போய்விட்டது. எல்லோருக்கும் பரம திருப்தி. அந்தக் கிழவியின் கையில் கொஞ்சம் திருநீறு கொடுத்து அனுப்பினார்கள். அவள் வந்த வழியே வெயிலில் நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் தொட்டியடியில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. "கேட்டிருந்தா எல்லாத்தையும் கக்கியிருப்பான்லா? ஏன் விட்ட?"

"கக்குவாவ. ஊரு ரெண்டு நாள் பேசும். பெறகு எனக்கு வலி வாரப்ப அந்த வண்டி என்ன மூஞ்சியோட வரும்? எனக்கு வண்டி வேணும்ட்டீ."

"அப்பம் அந்தப் படத்துக்காரனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்? அவனும் இப்பிடித்தான், எல்லாத்தையும் நல்லாச் செஞ்சிட்டு மாலையப் போட்டு முடிச்சான். நீயும் சேலையும் சேவலும் வாங்கிட்டு முடிச்சிட்ட."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை இன்றைக்கு வரைக்கும் நான் மன்னிக்கவில்லை. "அவன் படத்த முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவான். நான் எங்கன போவேன்? இங்கனதான சோறு பொங்கணும்."

ஐப்பசியில் விதைப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் உனக்கு வலி கண்டது. நான் புஞ்சைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் பாதிச் சாலில் ஏரை விட்டுவிட்டு மாட்டை அவிழ்த்தான். கரிசல் சகதி சக்கரத்தை அச்சுவரை விழுங்கியது. அவனும் தோள் கொடுத்துத் தள்ளினான். காலை நீட்டிக்கொண்டு வந்த பிள்ளையை டாக்டரம்மா எப்படியோ எடுத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரெண்டு உயிரும் இல்லை என்று சொன்னாள். அந்த வருஷம் பாதிப் புஞ்சை தரிசாகக் கிடந்தது. நீ ஜெயித்துவிட்டாய், ஒத்துக்கொள்கிறேன். நீ செய்த வேலை வேறு யாருக்கும் வந்திருக்காது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தாயா? பெண்டாட்டிக்காக விதைப்பையே விட்டவன் என்று என் அண்ணனுக்குப் பேர் வந்தது. கல்யாண வீட்டில் சொன்னார்கள், பஞ்சாயத்தில் சொன்னார்கள், அவன் செத்த வீட்டில் மாலை போட வந்தவன் ஒவ்வொருத்தனும் சொன்னான். நீ தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. உனக்காகவா பூட்டினான்? செத்தவளுக்குப் பயந்து பூட்டினான். உயிரோடு கிடந்து கதறியவளுக்கு வராத வண்டி, அவள் செத்துப் பேயான பிறகு ஓடோடி வந்தது. இந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு வண்டி வர வேண்டுமானால் முதலில் ஒருத்தி சாக வேண்டும், இன்னொருத்தி பேயாக நடிக்க வேண்டும். இது ஒரு பெருமையா?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று சொல்லவில்லை. என்னைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு நாள் கயத்தாறில் பஸ்ஸுக்கு நின்றேன். சீனியம்மாளின் அம்மா அங்கே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முனியும் இல்லை ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தெரியும் தாயீ. அன்னைக்கே தெரியும். வந்தது எம் மக இல்லன்னும் தெரியும். எம் மகளா இருந்தா மொதல்ல என்னையல்லா கூப்பிட்டிருப்பா."

"பெறகு ஏன் சும்மா நின்னீங்க?"

"அந்தப் புள்ளயாவது பொழைக்கட்டும்னுதான்."

கேட்டாயா மதினி? நீ அந்தக் கிழவியை ஏமாற்றியதாக அதுவரைக்கும் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன். அவள் உனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ பிழைப்பதற்காக நீயும், நீ பிழைப்பதற்காக அவளும், ரெண்டு பேருமாகச் சேர்ந்து அவனைத் தப்பவிட்டிருக்கிறீர்கள். அதனால் என் கோபம் தணிந்தது என்று நினைக்காதே. ரெண்டு மடங்காயிற்று. அவன் மட்டும் ஒன்றும் கொடுக்காமல் நல்ல பேரோடு போய்ச் சேர்ந்துவிட்டான்.

பஸ் வந்துவிட்டது. எழுந்தேன். அவள் கையை விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தாயீ. அன்னைக்குப் பருத்தி நல்ல வெலைக்குப் போச்சா?"

கையை உருவிக்கொண்டு ஏறிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அதற்கு நான் யாரிடமும் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். போயிற்று மதினி. நல்ல விலைக்குத்தான் போயிற்று.